தலையாட்டலும் வாக்குமூலமும்



மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. நம் ஜனங்கள் இரண்டையும் ஒரே பேரால் அழைத்துவிடுவது வழக்கம். மனநோய் எந்த வயதிலும் வரலாம், சிகிச்சையால் தணியலாம். அறிவுசார் குறைபாடோ வளரும் பருவத்திலேயே தொடங்கி வாழ்நாளெல்லாம் உடனிருப்பது. நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 70க்குக் கீழே இருப்பதோடு, காசு எண்ணுவது, நேரம் பார்ப்பது போன்ற அன்றாடக் காரியங்களிலும் தடுமாற்றம் இருக்கும். நமது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் இதனை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை.

குற்றம் சாட்டப்பட்ட ஒருவரை நீதிமன்றம் மனநலப் பரிசோதனைக்கு அனுப்பும்போது இந்த வேறுபாடு பெரிய காரியமாகிறது. காதில் குரல் கேட்கிறதா, தூக்கம் வருகிறதா என்று விசாரித்து, "மனநோய் இல்லை" என்று எழுதிவிட்டால் அத்துடன் முடிந்துபோகலாம். அமைதியாக உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறவரைக் கண்டு யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

லண்டனில் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். 1972 ஏப்ரலில் கேட்ஃபோர்டு என்னும் பகுதியில் தீப்பற்றிய ஒரு வீட்டுக்குள், மாக்ஸ்வெல் கான்ஃபெய்ட் என்பவர் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். சில நாட்களுக்குள் 18, 15, 14 வயதுடைய மூன்று பையன்கள் பிடிபட்டார்கள். மூத்தவனுடைய மனவயது 8 என்று சொல்லப்பட்டது. வீட்டார் எவரும் அருகில் இல்லாமலே முதல் விசாரணை நடந்தது. மூவரும் வாக்குமூலம் கொடுத்தார்கள்.

மரணம் மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் நடுவில் நிகழ்ந்ததாக முதலில் கணித்திருந்தார்கள். அந்த மாலையில் மூத்தவன் இருந்த இடம் இரட்சணிய சேனையின் இளைஞர் மன்றம்! பார்த்தவர்களும் உண்டு. எதிரே இருப்பவர் எந்தப் பதிலை விரும்புகிறார் என்று லேசாகத் தெரிந்தாலே அதையே சொல்லிவிடுவான் என்று அவனைப் பரிசோதித்த மனநல மருத்துவரும் எச்சரித்திருந்தார். ஆனாலும் வாக்குமூலமே வென்றது. அவனுடைய குறைபாடு தண்டனையின் தன்மையை மாற்றியது. பொறுப்பு குறைந்த நிலையில் செய்த கொலை என்று தீர்ப்பாகி, கால வரையறையின்றி ராம்ப்டன் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டான். அதே குறைபாடு அவன் சொன்ன "ஆமாம்" என்பதையும் சந்தேகத்துக்குரியதாக்குகிறதே என்ற கேள்விக்கு அங்கே எடையில்லை. என் எண்ணத்தில், அந்த வழக்கில் மிகவும் வேதனையான இடம் இதுவே. 1975 அக்டோபரில்தான் மேல்முறையீட்டில் மூவர் மீதான தீர்ப்புகளும் ரத்தாயின.

அரசாங்க விசாரணை ஒன்றும், அதன்பின் ஓர் ஆணைக்குழுவும் இந்தக் குளறுபடிகளை ஆராய்ந்தன. அவற்றின் பலனாக 1984இல் வந்த சட்டத்தின் விதிமுறைகளின்படி, இப்படிப்பட்டவர்களைப் போலீஸார் விசாரிக்கும்போது போலீஸைச் சேராத தகுந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அதே 1984இல் ஐஸ்லாந்தில் பிறந்த உளவியலாளர் கிஸ்லி குட்ஜான்சன் ஒரு சோதனையை வெளியிட்டார். சிறு கதை ஒன்றை வாசித்துக் காட்டி 20 கேள்விகள் கேட்பார்கள். அவற்றில் 15, கதையில் இல்லாததை இருப்பதுபோல் காட்டும் கேள்விகள். பிறகு, "பல தவறுகள் செய்துவிட்டீர், இந்த முறை சரியாகச் சொல்லும்" என்று கண்டிப்பாகச் சொல்லி, மறுபடியும் கேட்பார்கள். எத்தனை கேள்விகளுக்கு இணங்கினார், கண்டித்த பிறகு எத்தனை பதில்களை மாற்றினார் என்று எண்ணுவார்கள்.

இணங்குவது பொய் சொல்லும் குணத்தால் அல்ல. புரியவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று சிறுவயது முதலே கற்றுக்கொண்டவர்கள் இவர்கள். வார்டில் "ஜெபிக்கலாமா?" என்று நான் கேட்டால் புன்னகையோடு தலையாட்டுவார்கள்; "எதற்காக?" என்றால் அதற்கும் தலையாட்டுவார்கள்!

ஆகையால் அனுபவமுள்ள பரிசோதகர், "வக்கீல் என்றால் தெரியுமா?" என்று கேட்டு நிறுத்தமாட்டார். "வக்கீல் உனக்காக என்ன செய்வார், சொல் பார்க்கலாம்" என்று கேட்டுக் காத்திருப்பார். குறைபாடு சிறுவயதிலேயே தொடங்கியதா என்றும் அறியவேண்டும். அதற்குப் பள்ளிப் பதிவேடு உதவும். பள்ளிக்கே போகாதவராயின், வாசலில் நிற்கும் தாயை உள்ளே அழைத்து உட்காரவைத்து, பிள்ளை எப்போது நடந்தான், எப்போது பேசினான், கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறை சரியாகக் கொண்டுவருவானா என்று நிதானமாகக் கேட்கவேண்டும்.