சுவர் மட்டும் வீடாகுமா?

கீழ்க்காணும் பகுதியை வாசித்திடுக. தொடர்ந்து வரும் வினாக்களுக்கு விடையளித்திடுக.

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது நம் முன்னோர் அனுபவத்தில் கண்ட பழமொழி. இரண்டுக்கும் பணம் வேண்டும், காலம் வேண்டும், பொறுமையும் வேண்டும். ஆனால், வீடு கட்டுவதற்கு நீண்ட காலம் தேவையில்லை என்று சொல்லும் தொழில்நுட்பம் ஒன்று இன்று வந்துவிட்டது. சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில், அக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய ‘த்வஸ்தா’ நிறுவனம் 600 சதுர அடி வீடு ஒன்றை முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்கியது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திறந்து வைக்கப்பட்ட அவ்வீட்டை அச்சிட ஏறத்தாழ ஐந்து நாள்களே ஆயின.

அச்சு வீடும் அடுக்கு வீடும்

தாளில் எழுத்தை அச்சிடும் பொறியைப் பார்த்திருப்பீர்கள். வீட்டை அச்சிடும் பொறியும் கணினியின் கட்டளைப்படியே இயங்குகிறது. மைக்குப் பதிலாக அதன் குழாயிலிருந்து கெட்டியான கான்கிரீட் கலவை வெளிவருகிறது. கணினியில் உள்ள வரைபடத்தின்படி பொறியின் கை நகர்ந்து, முறுக்குப் பிழிவதுபோல் கலவையை வரிவரியாகப் பிழிகிறது. ஒரு வரியின்மேல் அடுத்த வரி படிந்து சுவர் எழும்புகிறது. பலகை அடைத்துக் கலவையை ஊற்றும் வேலை இதில் இல்லை. ஆகவே, பலகைச் செலவு குறைகிறது. வீணாகும் பொருளும் குறைகிறது.

அடுக்கு வீடு என்பது வேறு முறை. சுவர், தளம், சில வேளைகளில் முழு அறையே தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. பின்னர் அவை கனவுந்தில் ஏற்றப்பட்டு, பாரந்தூக்கியால் இறக்கப்பட்டு, வீட்டுமனையில் பொருத்தப்படுகின்றன. மலேசியாவுக்கு இது முற்றிலும் புதிதன்று. 1960-களிலேயே கோலாலம்பூர் பெக்கெலிலிங் அடுக்குமாடிகள் தொழிற்சாலையில் வார்த்த பாகங்களைக் கொண்டு எழுப்பப்பட்டன. இன்று இம்முறை ‘ஐ.பி.எஸ்.’ என அழைக்கப்படுகிறது. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் இதனை ஊக்குவித்து வருகிறது.

இவ்விரு முறைகளின் கவர்ச்சி வெளிப்படையானது. வேலை விரைவாக முடிகிறது. குறைந்த ஆள்பலமே போதும். மழைக்காலத்தில் நின்றுபோகும் வேலைகளில் பெரும்பகுதியைக் கூரையின்கீழ்த் தொழிற்சாலையிலேயே முடித்துவிடலாம். சுவரின் தரமும் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை.

மிச்சம் எவ்வளவு?

இனி, செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டைக் கட்ட 100 பங்கு செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சுவருக்கு 30 பங்கு என்று கொள்வோம். அச்சு முறையால் சுவர்ச் செலவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், மிச்சம் 10 பங்கு. வீட்டின் செலவு 90 பங்காகிறது. ஆனால், வீடு வானத்தில் நிற்பதில்லை. நிலம், சாலை, வடிகால், குடிநீர், மின்சாரம் ஆகியவற்றிற்கு இன்னும் 50 பங்கு தேவை எனில், மொத்தச் செலவு 150-இலிருந்து 140-ஆக மட்டுமே குறையும். அதாவது, நூற்றுக்கு ஏழு பங்குகூட மிச்சமாகவில்லை. இவை எடுத்துக்காட்டு எண்களே. எனினும், ‘சுவர் மலிந்தால் வீடும் அதே அளவு மலியும்’ என்று எண்ணுவது தவறு என்பதை இவை காட்டுகின்றன. கூரை, கதவு, சன்னல், மின்கம்பி, குளியலறை ஆகியவற்றை அச்சுப்பொறி செய்து தருவதில்லை.

இடத்தையும் கருத வேண்டும். கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரங்களின் கடலோரப் பகுதி மென்மையான களிமண் நிலம். வட சிலாங்கூரின் உட்பகுதியில் கரிச்சதுப்பு நிலமும் பரந்து கிடக்கிறது. இத்தகைய மண்ணில் வீடு அமிழாமலும் சாயாமலும் நிற்க வேண்டுமானால், முதலில் அடித்தளத்தை வலுப்படுத்த வேண்டும். அச்சிட்ட வீடாயினும் செங்கல் வீடாயினும் இச்செலவு குறைவதில்லை. அடுத்து, முழு அறையைச் சுமந்து வரும் கனவுந்து செம்மண் பாதையிலும் சிறு பாலத்திலும் செல்ல முடியுமா என்றும் பார்க்க வேண்டும். பொறியைக் கொண்டு வந்து நிறுத்தும் செலவு, ஒரே இடத்தில் 200 வீடுகள் கட்டினால் ஒவ்வொரு வீட்டுக்கும் சிறிதாகிவிடும். பத்து வீடுகள் மட்டும் கட்டினால் பெரும் சுமையாகிவிடும்.

யாழ்ப்பாணம் தந்த பாடம்

உள்நாட்டுப் போரில் வீடிழந்த வட, கிழக்கு மாகாண மக்களுக்கு 65,000 வீடுகளை வழங்க இலங்கை அரசு திட்டமிட்டது. அவை தொழிற்சாலையில் செய்த எஃகுப் பாகங்களைப் பொருத்திக் கட்டப்படும் வீடுகள். ‘ஆர்செலர் மிட்டல்’ என்னும் பன்னாட்டு எஃகு நிறுவனம் அதற்குத் தெரிவு செய்யப்பட்டது. 2016-இல் மாதிரி வீடுகளும் காட்டப்பட்டன. விரைவாகக் கிடைக்கும் என்பது அவ்வீடுகளின் பெரும் கவர்ச்சி.

ஆனால், எதிர்ப்பு வலுத்தது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் இலங்கை ரூபாய் என முதலில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன், இந்திய அரசின் உதவித் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வழங்கப்பட்டு, மக்கள் தாங்களே கல்வீடுகளைக் கட்டியிருந்தனர். எஃகு வீட்டுக்கு ஆகும் பணத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்வீடுகளைக் கட்டலாம் என்று பொறியாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் வாதிட்டனர். வெப்பம் மிகுந்த அம்மண்ணுக்கு எஃகு வீடு ஏற்றதா? பழுதடைந்தால் ஊர்க் கொத்தனார் அதைச் சரிசெய்ய முடியுமா? கட்டுமானக் கூலி ஊர் மக்களுக்குக் கிடைக்காமல் போகலாமா? இவ்வினாக்களுக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

எஃகு தீயது என்பதன்று இதன் பாடம். வீட்டில் வாழப்போகிறவரிடம் கேளாமல் வீட்டைத் தெரிவு செய்யக் கூடாது என்பதே பாடம்.

நம் தோட்டங்களின் கதை

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் உருவானது. அதன் பெயர் ‘தென்னமரம்’. தமிழ்ச்சொல்லே தோட்டத்தின் பெயராக நிற்கும் அளவுக்கு இவ்வட்டாரத்தில் தமிழர் உழைப்பு வேரூன்றியிருந்தது. ஆயினும், உழைத்தவர் குடியிருந்த லயத்து வீடு அவருக்குச் சொந்தமில்லை. தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு எத்தகைய தரத்தில் அமைய வேண்டும் என்பதை 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் வரையறுத்தது. ஆனால், தரமான வீடு வேறு; சொந்த வீடு வேறு. வேலையோடு வந்த வீடு, வேலை முடிந்ததும் கைவிட்டுப் போகக்கூடியதாகவே இருந்தது.

பெஸ்தாரி ஜெயா, புக்கிட் தாகார் வட்டாரத்தில் இதற்குச் சான்று உண்டு. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகக் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தன. குழந்தைகளாக லயத்தில் ஓடி விளையாடியவர்கள் பெற்றோராகிவிட்டனர். முதியோர் சிலர் வீட்டைக் காணாமலே மறைந்தனர். 2023-இல்தான் 20 ஏக்கர் நிலத்தில் 245 தரைவீடுகள் கட்டும் திட்டத்துக்கு வழி பிறந்தது. நிலத்துக்கு உரிய நிறுவனம் நிலத்தைத் தர, மத்திய அரசும் சிலாங்கூர் மாநில அரசும் துணை நின்றன.

இங்கே ஒரு வினா எழுகிறது. ஐந்து நாளில் சுவரெழுப்பும் பொறி இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தால், அக்குடும்பங்களின் காத்திருப்பு குறைந்திருக்குமா? குறைந்திருக்காது. அவர்கள் கொத்தனாருக்காகக் காத்திருக்கவில்லை. நிலத்துக்காகவும் முடிவுக்காகவுமே காத்திருந்தனர். 20 ஏக்கரை 245-ஆல் வகுத்தால், சாலையும் வடிகாலும் உட்பட ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 3,556 சதுர அடி நிலம் கிடைக்கிறது. அந்த நிலத்தை எந்தப் பொறியாலும் அச்சிட முடியாது.

அதே வேளையில், புதிய முறையை ஒதுக்கித் தள்ளவும் வேண்டியதில்லை. நிலமும் நிதியும் உறுதியான பிறகு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவருக்கு ஒரு மாதம் முன்னதாக வீடு கிடைத்தாலும் அது பெரிய ஆறுதல். ஆனால், கையெழுத்திடுமுன் சிலவற்றைக் கேட்க வேண்டும். நண்பகல் வெயிலில் வீட்டினுள் எவ்வளவு சூடு இருக்கும்? சுவரில் விரிசல் கண்டால் யார் வந்து சரிசெய்வார்? பிள்ளைகளுக்குத் திருமணமானதும் பின்பக்கம் ஓர் அறையைக் கூட்ட முடியுமா? பாரம் தாங்கும் வார்ப்புச் சுவரை விருப்பம்போல் இடிக்க இயலாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலப்பட்டா யார் பெயரில் இருக்கும்?

பொறி சுவரை விரைவாக எழுப்பும். அச்சுவருக்குள் அச்சமின்றி வாழும் உரிமையை மனிதர்களே ஒருவருக்கொருவர் வழங்க வேண்டும்.

சொற்பொருள்

லயம் – தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த வரிசைக் குடியிருப்பு
கரிச்சதுப்பு நிலம் – மட்கிய தாவரங்கள் நிறைந்த ஈர நிலம்
பாரந்தூக்கி – கனமான பொருள்களைத் தூக்கும் இயந்திரம்
நிலப்பட்டா – நில உரிமையைக் காட்டும் ஆவணம்

வினாக்கள்

1. அச்சு வீட்டுக்கும் அடுக்கு வீட்டுக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டனைக் குறிப்பிடுக.
2. சுவர்ச் செலவு குறைந்தாலும் மொத்தச் செலவு அதே அளவு குறைவதில்லை. ஏன்?
3. இலங்கையில் எஃகு வீட்டுத் திட்டம் எதிர்க்கப்பட்டதற்கான காரணங்களைப் பட்டியலிடுக.
4. ‘தரமான வீடு வேறு, சொந்த வீடு வேறு’ என்னும் கூற்றைப் பனுவலின் துணையுடன் விளக்குக.
5. உங்கள் குடும்பத்திலோ வட்டாரத்திலோ லயத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவரைச் சந்தித்து, அவர் வாழ்ந்த வீட்டைப் பற்றிக் கேட்டறிந்து, 100 சொற்களில் எழுதுக.