ஐப்பசி மழைக்கு முன் பள்ளிக்கூடத்தில்

நூம்பல், பூந்தமல்லிப் பக்கம் பள்ளிகளில் வெள்ளையடிக்க மே விடுமுறை போதும். ஆனால் மழைக்கு முந்தைய பழுதுவேலையைப் புரட்டாசிக்குள் முடித்தாக வேண்டும்.

முதலில் மொட்டை மாடி. சருகை அள்ளியபின் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்; குழாய் வழியே உடனே இறங்காவிட்டால் அடைப்பு இருக்கிறது. சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டினால் போதாது, மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்து, அந்த இடத்தைச் சிமெண்டால் பூச வேண்டும்.

விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் பொறியாளரை அழைக்க வேண்டும். அதுவரை பிள்ளைகளை அருகே விடாதீர்கள். கழிப்பறைச் சுவரையும் மதில்சுவரையும் தவறாமல் பாருங்கள். 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள்.

ஈரச் சுவரில் உள்ள சுவிட்சைத் தொடக் கூடாது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பள்ளிக்கு வெளியே மின்கம்பி தொங்கினால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ அழையுங்கள்.

கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் தொட்டி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள்.

பழுதுகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.