களைப்பும் இரும்பும்

மைதானத்தை இரண்டு சுற்று ஓடியதும் உங்களுக்கு மூச்சு வாங்குகிறதா? நன்றாகத் தூங்கி எழுந்த பின்பும் வகுப்பில் கொட்டாவி வருகிறதா? "சோம்பேறி" என்று வீட்டில் பட்டம் கட்டிவிடுவார்கள். அதற்குமுன் உங்கள் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சோற்றிலும் இட்லியிலும் உள்ள மாவுச்சத்து குளுகோஸாக மாறித் தசைகளை அடைகிறது. அது அங்கே முழுமையாக எரிந்து ஆற்றல் தர ஆக்ஸிஜன் வேண்டும். நுரையீரலிலிருந்து ஆக்ஸிஜனைச் சுமந்து செல்வது இரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 இரும்பு அணுக்கள் உள்ளன. ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்பவை இவையே. இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபினும் குறையும். அப்போது வயிறு நிறையச் சாப்பிட்டாலும் களைப்பு தீராது. அடுப்பில் விறகு இருந்தும் காற்றோட்டம் இல்லாத நிலைதான்.

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு மொத்தம் 3 அல்லது 4 கிராம்தான். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து மடியும்போது, அதிலுள்ள இரும்பை உடல் எடுத்துப் புதிய அணுக்களுக்குக் கொடுத்துவிடுகிறது. எனவே நாள்தோறும் உணவிலிருந்து 1 அல்லது 2 மில்லிகிராம் இரத்தத்தில் சேர்ந்தாலே போதும். இந்தச் சிறு அளவு சேருவதில்தான் சிக்கல். உங்கள் வயதில் இரத்தத்தின் அளவே பெருகுகிறது. மாணவிகளுக்கு மாதவிடாயால் இழப்பும் உண்டு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 31 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. எல்லாமே இரும்புக் குறைவால் வந்தவை அல்ல; வைட்டமின் குறைவுகளும்கூடக் காரணமாகலாம்.

"நான் தினமும் கீரை சாப்பிடுகிறேனே!" என்பீர்கள். நல்லதுதான். ஆனால் இறைச்சியில் உள்ள இரும்பைப்போல் கீரை, பயறு, கேழ்வரகில் உள்ள இரும்பு எளிதில் குடலில் உறிஞ்சப்படுவதில்லை. அதற்கு வைட்டமின் சி துணை செய்யும். கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை ஏதேனும் ஒன்றை அந்த உணவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் இந்த வைட்டமின் அழிந்துவிடும்; எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழியவேண்டும்.

தேநீரோ நேர் எதிர். 1983இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இறைச்சி உணவோடு தேநீர் குடித்தவர்களின் உடலில் இரும்பு சேர்வது 64 விழுக்காடு குறைந்தது. காப்பி 39 விழுக்காடு குறைத்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காப்பியால் குறைவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, உணவோடு குடித்த அளவுக்கே கெடுத்தது! காலைப் பலகாரத்தோடு டம்ளரை நீட்டும் பழக்கத்தை மாற்றலாம் அல்லவா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தாலே ஹீமோகுளோபின் அளவு தெரிந்துவிடும். 100 மில்லிலிட்டரில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். இரும்பு மிகுந்தாலும் கேடுதான். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீலநிற மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்குங்கள். மறுநாள் மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது.