எஞ்சின் ஏன் திக்குகிறது?

பழைய அம்பாசிடர் காரின் பெட்ரோல் எஞ்சினில் 4 சிலிண்டர்கள் உண்டு. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 முறை எரிதல் நிகழ வேண்டும். ஒரு சிலிண்டரில் அது தவறினாலும் வண்டி குலுங்கும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே வீணாகும். மெக்கானிக்குகள் இதனை 'மிஸ்ஸிங்' என்பர்.

எரிதலுக்கு மூன்று தேவை: தக்க அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், போதிய அழுத்தம், உரிய நேரத்தில் தீப்பொறி. கார்புரேட்டர் நான்கு சிலிண்டர்களுக்கும் பொது. ஆகவே ஒன்று மட்டும் திக்கினால், முதல் ஐயம் தீப்பொறியின் மீதே.

குறையுள்ள சிலிண்டரை எவ்வாறு அறிவது? எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் கம்பியையும் மெக்கானிக் சற்றே விலக்கிப் பார்ப்பார். நல்ல சிலிண்டரானால் எஞ்சினின் வேகம் குறையும். வேகம் மாறாவிட்டால் அந்தச் சிலிண்டர் முன்பே வேலை செய்யவில்லை என்பது தெளிவு. (கம்பியில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டு, மாணவர்கள் இதனைச் செய்து பார்க்கலாகாது.)

அடுத்து, அந்தப் பிளக்கை வேறொரு சிலிண்டரின் பிளக்குடன் இடம் மாற்றுவார். குறையும் உடன் சென்றால் பிளக்தான் பழுது. செல்லாவிட்டால் கம்பியையும் இவ்வாறே சோதிப்பார்.

இரண்டும் நன்றாயிருந்தால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்க வேண்டும். அது குறைவானால் உள்ளே சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளப்பர். அழுத்தம் உயர்ந்தால், தேய்ந்த பிஸ்டன் வளையங்களின் இடைவெளியை ஆயில் அடைத்துள்ளது என்று பொருள். உயராவிட்டால் பெரும்பாலும் வால்விலோ ஹெட் காஸ்கெட்டிலோ கசிவு இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே இம்முறையின் உயிர். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால் வண்டி ஓடக்கூடும். ஆனால் பழுது எதுவென்று தெரியாது, பணமும் வீண்.