வலி நின்ற பின்னர்

கணைய அழற்சியிலிருந்து மீண்டு வீடு திரும்புவோர் முதலில் கேட்பது, "எப்போது வேலைக்குப் போகலாம்?" என்பதே. காசிமேட்டு விசைப்படகில் செல்பவரும், எண்ணூரில் இரவுப் பணி செய்பவரும் கேட்பது அதையேதான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது, "எனக்கு இது எதனால் வந்தது?" என்பதாகும்.

இரைப்பையின் பின்புறம் சுமார் 15 செ.மீ. நீளத்தில் உள்ள கணையம் செரிமான நீரைச் சுரக்கிறது. இன்சுலினையும் அதுவே தருகிறது. குடலில் வேலை செய்ய வேண்டிய அந்நீர் கணையத்துக்குள்ளேயே செயல்படத் தொடங்கினால், அவ்வுறுப்பு தன்னையே அரித்துக்கொள்ளும். பெரும்பாலும் இதற்குக் காரணம் பித்தப்பைக் கல் அல்லது மது. இரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு மிக அதிகமாவதாலும் சிலருக்கு வரும்.

கல்தான் காரணமெனில், பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சையை நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள். "ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், அந்த 61 நாட்களில் செய்துகொள்ளலாம்" என்று எண்ணுவது இயல்பு. படகு கரையில் நிற்கும்போது வருமானம் கெடாது என்னும் கணக்கு எங்களுக்கும் புரிகிறது. கல்லுக்கு அந்தக் கணக்குத் தெரியாதே! சில வாரங்களிலேயே இன்னொரு கல் நழுவி நாளத்தை அடைக்கலாம். ஆழ்கடலில் அது நேர்ந்தால், கரை சேரவே பல மணி நேரம் ஆகும். நோய் இலேசாக இருந்தவர்களுக்கு வீடு திரும்புமுன்பே அறுவை செய்வது நல்லது. கடுமையாக இருந்தவர்களுக்கு வீக்கம் தணிந்தபின் மருத்துவர் நாள் குறிப்பார். அதுவரை கடலுக்குச் செல்ல வேண்டாம்.

மது காரணமெனில் குறைப்பது போதாது. முற்றிலும் நிறுத்த வேண்டும். பீருக்கும் விலக்கில்லை. நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும் என்பதால், மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டார் கடிந்துகொள்வதைவிட, உடன் வருவது பயன் தரும். பீடி, சிகரெட்டையும் விட்டுவிட வேண்டும்.

உணவைச் சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை உண்ணுங்கள். இட்லி, குழைந்த சோறு, மோர், எண்ணெய் குறைத்த மீன் குழம்பு ஆகியவை ஏற்றவை. வறுத்த வஞ்சிரம் சில வாரங்கள் காத்திருக்கட்டும். இரவுப் பணியில் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு நள்ளிரவில் பிரியாணி உண்பது வேண்டாம். மலம் எண்ணெய்ப் பசையுடன் மிதந்தாலோ, உடல் எடை குறைந்தாலோ தெரிவியுங்கள். செரிமான நொதி மாத்திரை தேவைப்படலாம். அதை உணவோடு சேர்த்தே விழுங்க வேண்டும். சர்க்கரை அளவையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மேல் வயிற்று வலி முதுகுக்குப் பரவினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ தோன்றினாலோ, வாயுப் பிடிப்பென்று சோடா குடித்துக் காத்திராதீர்கள். நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள். வரும்போது வீடு திரும்பிய நாளில் தந்த மருத்துவக் குறிப்பை மறவாமல் எடுத்து வாருங்கள்.