எண்கள் உரைக்கும் உண்மை

நுழையும்முன்

மருந்து பெற்ற நோயாளி ஒருவர் நலமடைந்தார் எனில், அம்மருந்தே அவரைக் காத்தது என்று கூறிவிட இயலுமா? மருந்தின்றிப் பிழைப்போரும் உண்டு. மருந்து பெற்றும் இறப்போர் உண்டு. ஒருவரைக் கண்டு அறிய முடியாத உண்மையைப் பலரை எண்ணிப் பார்த்து அறிய உதவுவது புள்ளியியல்.

அளப்பனவும் எண்ணுவனவும்

உயரம், எடை போன்றவை அளக்கப்படுபவை. மருந்து பெற்றவர் - பெறாதவர், பிழைத்தவர் - இறந்தவர் என்பன வகைப்படுத்தி எண்ணப்படுபவை. இவற்றைப் பண்புசார் மாறிகள் என்பர். இத்தகைய இரு மாறிகளுக்கிடையே தொடர்பு உண்டா என ஆராயும் முறையே கை-வர்க்கச் சோதனை. இதனை 1900 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் கார்ல் பியர்சன் வகுத்தளித்தார்.

ஒரு வரலாற்று ஆய்வு

காசநோய்க்கு உரிய மருந்து இல்லாதிருந்த காலத்தில், 1943 இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. போருக்குப்பின் பிரிட்டனுக்குக் கிடைத்த மருந்து மிகச் சிறிதளவே. எனவே, அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றம் அதனை முறையான ஆய்வுக்குப் பயன்படுத்தியது. கடும் நுரையீரல் காசநோயுற்ற 107 பேரை, ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த முறைப்படி, சமவாய்ப்பு எண்களைக் கொண்டு இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் படுக்கை ஓய்வுடன் மருந்தும் பெற்றனர். மற்றவர் ஓய்வு மட்டுமே பெற்றனர். 1948 இல் வெளியான ஆறு மாத முடிவு வருமாறு:

| குழு | இறந்தோர் | பிழைத்தோர் | மொத்தம் |
|---|---|---|---|
| மருந்து பெற்றோர் | 4 | 51 | 55 |
| மருந்து பெறாதோர் | 14 | 38 | 52 |
| மொத்தம் | 18 | 89 | 107 |

சோதிக்கும் முறை

முதலில், மருந்துக்கும் உயிர் பிழைத்தலுக்கும் தொடர்பில்லை எனக் கொள்வோம். இதுவே இன்மை கருதுகோள். இது மெய்யானால், 18 இறப்புகளும் குழுக்களின் அளவுக்கேற்பப் பகிரப்பட்டிருத்தல் வேண்டும். மருந்து பெற்றோரில் எதிர்பார்க்கத்தக்க இறப்பு, 55 ஐ 18 ஆல் பெருக்கி 107 ஆல் வகுக்கக் கிடைக்கும் 9.25 ஆகும். கண்டதோ 4.

இவ்வாறே நான்கு கட்டங்களுக்கும் எதிர்பார்க்கும் எண்ணைக் கணக்கிடுக. கண்ட எண்ணுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, எதிர்பார்க்கும் எண்ணால் வகுத்து, நான்கையும் கூட்டுக. கிடைப்பது 7.38. தொடர்பே இல்லாத நிலையில், இத்தகைய அட்டவணையில் கூட்டுத்தொகை 3.84 ஐக் கடப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து மட்டுமே. 7.38 ஐ எட்டும் வாய்ப்போ நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. ஆகவே இன்மை கருதுகோளை மறுக்கிறோம்.

தொடர்பும் காரணமும்

தொடர்பு உண்டு என்பதை மட்டுமே சோதனை சொல்லும், காரணத்தைச் சொல்லாது. நோய் குறைந்தவர்களுக்கே மருந்து தரப்பட்டிருந்தால், இதே எண்கள் நம்மை ஏமாற்றியிருக்கும். சமவாய்ப்பு முறையில் குழு பிரித்தமையே, இவ்வேறுபாட்டுக்கு மருந்தைக் காரணமாகக் கொள்ள இடமளித்தது.

ஐந்தாண்டுகளுக்குப்பின் அதே நோயாளிகளைக் கணக்கிட்டபோது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் இறந்திருந்தனர். இப்போது கை-வர்க்க மதிப்பு 0.95 மட்டுமே. நோய்க்கிருமிகள் மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெற்றுவிட்டமை இதற்கு முதன்மைக் காரணமாயிற்று. முதற்கணக்கு பொய்யன்று; அது ஆறு மாதத்திற்கு உரிய உண்மை. இவ்வனுபவமே மருந்துகளைச் சேர்த்து வழங்கும் முறைக்கு வழிகோலியது. ஸ்ட்ரெப்டோமைசினுடன் பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தையும் சேர்த்தளித்தால் அவ்வெதிர்ப்பு குறையும் என 1950 இல் அறிவிக்கப்பட்டது.

அட்டவணையின் ஒவ்வோர் எண்ணும் ஓர் உயிர். ஆதலின், எண்களை நேர்மையுடன் திரட்டுவதும், அவை சொல்வதற்கு மேல் சொல்லாதிருப்பதும் ஆய்வாளரின் கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்

1956 இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், வீட்டில் தங்கி மருந்துண்போரையும் மருத்துவ விடுதியில் தங்குவோரையும் சமவாய்ப்பு முறையில் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தரும் என 1959 இல் வெளியான அதன் முடிவு உலகிற்கு உணர்த்தியது. அம்மையமே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

மதிப்பீடு

குறுவினா: பண்புசார் மாறி என்றால் என்ன?

சிறுவினா: சமவாய்ப்பு முறையில் குழுக்களைப் பிரிப்பதன் இன்றியமையாமையை விளக்குக.

நெடுவினா: ஆறு மாத முடிவும் ஐந்தாண்டு முடிவும் வேறுபட்டமை உணர்த்தும் கருத்துகளைத் தொகுத்துரைக்க.