தென்னை ஏறுபவருக்கும் கீழே நிற்பவருக்கும் கூலி பேசுவது எப்படி?

பூதலூர் வட்டாரத்தில் புது ஆற்றுப் பாசனத்தில் நெல் பயிரிடும் உழவர் பெருமக்கள் பலர் கொல்லையிலும் வாய்க்கால் கரையிலும் இருபது, முப்பது தென்னை வைத்திருக்கிறீர்கள். சம்பா நடவு தொடங்கிவிட்டால் மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை என்பது பொதுவான குறை. வருகிற ஆளுக்கு நாம் கொடுக்கும் கூலி எந்தக் கணக்கில் அமைந்தது என்பதையும் சற்று எண்ணிப் பாருங்கள்.

மரத்துக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கம். 20 அடி மரத்துக்கும் 60 அடி மரத்துக்கும் ஒரே கூலி. காயை மட்டும் வெட்டி இறங்கினாலும், பன்னாடையும் காய்ந்த பாளையும் களைந்து கொண்டையைச் சுத்தம் செய்து இறங்கினாலும் அதே கூலி. இப்படி இருந்தால் ஏறுபவர் விரைவாக இறங்கத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல இடமில்லை. காண்டாமிருக வண்டு துளைத்த குருத்து அவர் கண்ணில் படாது. இடைஞ்சலான பச்சை மட்டை அடியோடு வெட்டப்படும்; அந்த வெட்டுக்காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். பச்சை மட்டையை வெட்டியே தீர வேண்டுமானால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டுதல் வேண்டும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குக் கூலி வேண்டாமா?

ஆகவே உயரத்துக்கும் மேலே செய்யும் வேலைக்கும் தனித்தனியே பேசுங்கள். 40 அடிக்கு உட்பட்ட மரத்துக்கு ஒரு பங்கு, அதற்கு மேற்பட்டதற்கு ஒன்றரைப் பங்கு என வைக்கலாம். கொண்டையைச் சுத்தம் செய்து, வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் 1:2 அளவில் கலந்ததில் 150 கிராமை உள்மட்டைகள் மூன்றின் இடுக்கில் இட்டுவந்தால் கூடுதலாக அரைப் பங்கு. உங்களிடம் 30 மரம் இருக்கிறது; அதில் 10 உயரமானவை; 8 மரத்தில் கொண்டை வேலை என்று வைத்துக்கொள்வோம். 20, 15, 4 ஆக மொத்தம் 39 பங்கு. ஊரில் குட்டை மரத்துக்கு நடக்கும் கூலியால் இதைப் பெருக்கினால் அன்றைய தொகை கிடைக்கும். பழைய முறையைவிட 9 பங்குதான் அதிகம். காய்க்கும் மரம் ஒன்று பட்டுப்போனால் எத்தனை ஆண்டுக் காய் போகும் என்று நீங்களே கணக்கிடுங்கள்.

கீழே நிற்பவரைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. காய் பொறுக்கி எண்ணுவதும், மட்டை இழுப்பதும், குழந்தைகளும் ஆடுமாடும் மரத்தடிக்கு வராமல் பார்ப்பதும் அவர் வேலை. பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதை 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் தடுத்தது. அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் தடுக்கிறது.

தூறல் விழுந்து மரம் வழுக்கினால் ஏறச் சொல்லாதீர்கள். வந்த இருவருக்கும் அரை நாள் கூலி கொடுத்து அனுப்புங்கள். இதற்கு முகம் சுளிப்பவர் உண்டு. ‘இன்னும் ஒரு மரந்தானே’ என்று ஏற்றிவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு அலைவதைவிட அது மலிவு.

தென்னை வளர்ச்சி வாரியம் மரம் ஏறுபவர்களுக்குக் ‘கேர சுரக்ஷா’ என்னும் விபத்துக் காப்பீட்டை நடத்துகிறது. பிரிமியத்தின் பெரும்பகுதியை வாரியமே ஏற்கிறது. மீதித் தொகையை அவர் ஏறும் நாலைந்து தோட்டக்காரர்கள் பகிர்ந்து கட்டிவிடலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்ப விவரத்தை வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டறியுங்கள்.